லுண்டீனோடு போட்ட ஜோடி

எழுபது பெயர்களையும் தாளைப் பார்க்காமல் ஒரே மூச்சில் என்னால் சொல்ல முடியும். எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் பெயர் வாசிக்கிற வேலை எனக்கு. இருபத்தாறு வருடமாக இதே வேலைதான். ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தால், ஒவ்வொரு பெயராக நான் கூப்பிடுவேன். அந்த உறுப்பினர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்வார். நான் குறித்துக்கொள்வேன். பக்கத்து மாநிலத்தில் பொத்தானை அமுக்கினால் பலகையில் விளக்கு எரிகிறதாம். தாராளமாக எரியட்டும். மனசாரப் போட்ட ஓட்டா, பல் பிடுங்கப் போகிறவன் முகத்தோடு போட்ட ஓட்டா என்று விளக்கு சொல்லாது. நான் குரலைக் கேட்டே சொல்லிவிடுவேன்.

எழுபதில் ஒரு பெயரை மட்டும் நான் சொல்வதில்லை. சபாநாயகரைக் கடைசியில்தான் கூப்பிட வேண்டும். அதுவும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "மிஸ்டர் ஸ்பீக்கர்" என்பேன், அவ்வளவுதான். மில்டன் கோவாரிக் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்ததே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. முப்பத்தெட்டு வருடம் உறுப்பினர், அதில் இருபத்திரண்டு வருடம் சபாநாயகர். கவர்னர்கள் ஆறு பேர் வந்தார்கள், போனார்கள். ஆறு பேரும் அவர் அறை வாசலில் காத்திருந்துதான் உள்ளே போனார்கள்.

நல்ல மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். கறார் பேர்வழி. கத்தமாட்டார், மேஜையைத் தட்டமாட்டார். யார் ஊருக்கு எந்தச் சாலை வேண்டும், யார் மச்சானுக்கு எந்த வேலை வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். எதிர்த்து ஓட்டுப் போட்டவனை ஒரு வார்த்தை திட்டமாட்டார். இரண்டு வருடம் கழித்து அவன் ஊருக்கு வரவேண்டிய பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அவனுக்கும் காரணம் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அவர் ஒரு வாக்கெடுப்பில்கூடத் தோற்றதில்லை. அதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை, எண்ணத் தெரியும். சட்டைப்பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார். மசோதாவுக்கு ஆம் சொல்கிறவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பாதிக்கு மேல் வராமல் எந்த மசோதாவையும் சபைக்குக் கொண்டுவரமாட்டார். அட்டையில் யார் பெயரை எழுதலாம் என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தார். 'ஆம்னு ஓட்டுப் போடுவேன்' என்று வாய்விட்டுச் சொன்னவன் பெயரை மட்டும் எழுதலாம். 'யோசிக்கிறேன்' என்றால் கிடையாது. 'உங்க கூட இருக்கேன்' என்றால் கிடையவே கிடையாது. புதிதாக வருகிற உறுப்பினர்களுக்கு அவர் அதைச் சொல்லும்போது நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "கூட இருக்கேன்னு சொல்றவன் கூடத்தான் இருப்பான். ஓட்டு மட்டும் போடமாட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? அவர் மேஜையில் ஒருவன் காபி குடித்தால் போதும், 'என்ன கேட்டான், என்ன கிடைச்சுது?' என்று மறுநாள் காலை வராந்தா முழுக்கப் பேச்சாக இருக்கும். அதனால் அவர் கட்சிக்காரர்கள் யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் அரைவட்டமாக நின்று அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். மனைவி அடெல் போன பிறகு அவர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சனிக்கிழமைகளில் யாருமில்லாத சபைக்கு வந்து போன வருட நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருப்பார் என்று துப்புரவுப் பணியாளர் சொல்வார். நடந்ததையெல்லாம் நடத்தியவரே அவர்தான், அதில் படிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். 

அவரிடம் எதுவும் வேண்டாத ஒரே ஆள் எதிர்க்கட்சியில் இருந்தார். வெர்ன் லுண்டீன். மேற்கே மோரோ மாவட்டத்தில் விதை தானியக் கடை வைத்திருந்தவர். பெரிய உருவம், பெரிய குரல், ஓயாத இருமல். முப்பது வருடம் சபையில் இருந்து ஒரு மசோதாகூட நிறைவேற்றவில்லை. நிறைவேற்றவேண்டும் என்ற ஆசையும் இல்லை. எதற்கும் 'இல்லை' என்பார். வரி என்றால் இரண்டு தடவை சொல்லுவார், நான் ஒரு தடவைதான் குறித்துக்கொள்வேன். மாலை ஐந்து மணிக்குச் சபை கலைந்ததும் பின்தெருச் சாப்பாட்டுக்கடையில், ஜன்னலோர மேஜையில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்து என் சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பேன். அன்றைய வாக்கெடுப்பு ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டு லுண்டீன் அவரைக் கிழிப்பார். "யோவ் கோவாரிக், அந்த ஓட்டை நீ எந்தச் சந்தையில வாங்கினே? வெலை அதிகமாக் குடுத்துட்டியேய்யா" என்பார். சபாநாயகர் சிரித்து நான் கேட்டது அந்த மேஜையில் மட்டும்தான். சிரிக்கும்போது அவர் தோள்கள் குலுங்கும், சத்தம் வராது.

இனி பாலம். சபாநாயகரின் சொந்த ஊரான பெல்ஃபோர்ட் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆற்றுக்குக் கிழக்கே. நடுவில் வண்டிகளை ஏற்றிப் போகிற படகு ஒன்று உண்டு. நவம்பரில் ஆறு உறையும்போதும் மார்ச்சில் பனி உடையும்போதும் படகும் ஓடாது, பனிக்கட்டி மேல் நடக்கவும் முடியாது. அந்த வாரங்களில் சாலை வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும், தொண்ணூறு மைல். 1969இல் அப்படி ஒரு நவம்பரில் அடெலுக்குப் பக்கவாதம் வந்தது. அவள் தங்கை எஸ்தர் காரில் போட்டுக்கொண்டு போனாள். அறுபதாவது மைலில் மூச்சு நின்றுவிட்டது. சபாநாயகர் அப்போது இங்கே பட்ஜெட்டுக்கு ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. மறுவருடத்திலிருந்து பாலத்துக்கு மசோதா எழுத ஆரம்பித்தார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பாலம் பெட்ரோலுக்கு மூன்று சென்ட் வரி போட்டால்தான் வரும். வரி என்றாலே எங்கள் ஆட்களுக்கு வேப்பங்காய். பத்து வருடம் ஓட்டு சேரவில்லை, அவரும் மசோதாவைச் சபைக்குக் கொண்டுவரவில்லை. 1981 மார்ச்சில்தான் அட்டையில் முப்பத்தைந்து பெயர் சேர்ந்தது. எழுபது பேர் சபையில் முப்பத்தைந்து என்றால் சமம். எங்கள் விதிப்படி சமம் வந்தால் மசோதா செத்தது. சபாநாயகருக்கும் எல்லோரையும் போல ஒரே ஓட்டுதான், அதையும் சேர்த்துத்தான் அந்த முப்பத்தைந்து. இன்னும் ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று, மசோதாக்களுக்குக் கடைசி நாளான வியாழக்கிழமைக்கு ஆறு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மதியம் தானாக நடந்து வந்தது. டக் வெண்ட்லிங் என்று ஓர் இன்ஷூரன்ஸ்காரர், முதல் தடவை உறுப்பினர். நான் கையெழுத்து வாங்கப் போயிருந்தபோது சபாநாயகர் அறையில் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்க வரவில்லை. அவருடைய அம்மாவும் அக்டோபரில் போய்விட்டாளாம், வீடே வெறிச்சென்று இருக்கிறதாம், சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று வந்தாராம். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சபாநாயகர் தானே எழுந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். போகும்போது வெண்ட்லிங் வாசலில் நின்று, "வியாழக்கிழமை பத்தி நீங்க கவலைப்படாதீங்க, மிஸ்டர் ஸ்பீக்கர். நான் உங்க கூட இருக்கேன்" என்றார்.

அவர் போனதும் சபாநாயகர் அட்டையை எடுத்து எழுதினார். நான் பார்த்தேன். எனக்குத் திக்கென்றது. சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் எண்ணியவருக்கு எண்ணச் சொல்லித் தர நான் யார் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள். கூட இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதை, அவர் அன்றைக்கு நிஜத் துணையாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுண்டீனைப் பார்க்கப் போனோம். அவர் நுரையீரல் இரண்டும் கெட்டுப்போய் மூன்று வாரமாகப் படுத்திருந்தார். சட்டமன்றத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது, எங்கே நிற்பது என்று சபாநாயகருக்குத் தெரியாது. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையில் பூ இல்லை, பழம் இல்லை. அடுத்த வாரத்து மசோதாப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். லுண்டீன் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் படித்தார். ஒரு பக்கத்துக்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

"வியாழக்கிழமை உன் பாலமா?" என்றார்.

"ஆமா."

"யாருமில்லாத ஊர்லேர்ந்து ஒண்ணுமில்லாத ஊருக்கு ஒரு பாலம். இல்லைன்னு சொல்ல என்னால வரமுடியாதுய்யா. எனக்கு ஜோடி போடுறியா?"

ஜோடி என்பது எங்கள் சபையின் பழைய வழக்கம். வரமுடியாத உறுப்பினர், எதிர்ப்பக்கத்தில் ஒருவரைக் கேட்டுக்கொள்வார். அவர் சபைக்கு வந்தும் ஓட்டுப் போடமாட்டார். ஒரு ஆமும் ஒரு இல்லையும் கழிந்துபோகும், யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குத் தாள் கிடையாது, சாட்சி கிடையாது, கை குலுக்கினால் முடிந்தது. ஜோடியை உடைத்தவன் என்று எங்கள் சபையில் ஒருவன்கூட இல்லை. உடைத்தால் அப்புறம் அவன் சொல்கிற எதற்கும் மதிப்பிருக்காது.

சபாநாயகர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். முப்பத்தாறுக்கு முப்பத்துநாலு. இரண்டு பக்கமும் ஒன்று போனால் முப்பத்தைந்துக்கு முப்பத்துமூன்று. பாலம் பத்திரமாக இருந்தது. "போடுறேன்" என்று கையை நீட்டினார். லுண்டீன் அந்தக் கையைப் பிடித்தவர் உடனே விடவில்லை. இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெறும் கார் நிறுத்தும் இடம், கறுத்துப்போன பனிக்குவியல். அப்புறம் லுண்டீன், ஆஸ்பத்திரியில் போடுகிற ஜெல்லியை ஒரு நாய்கூட மோந்து பார்க்காது என்று என்னிடம் புகார் சொல்ல ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலை வெண்ட்லிங் குப்புறக் கவிழ்ந்தார். அவர் ஊர் பெட்ரோல் நிலையக்காரர்கள் பதினைந்து பேர் வந்து அவரை வராந்தாவில் மடக்கியிருந்தார்கள். கட்சிக் கொறடா ராட்னி ஹெல்ம் அவரைச் சபாநாயகர் அறைக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். வெண்ட்லிங் முகத்தில் ஈயாடவில்லை. "நான் உங்க கூட இருக்கேன்னுதான் சொன்னேன், மிஸ்டர் ஸ்பீக்கர். இப்பவும் கூடத்தான் இருக்கேன். ஓட்டுப் போடுறேன்னு நான் சொல்லலையே" என்றார். பொய் சொல்லவில்லை பாவம். சொன்னதையேதான் சொன்னார். சபாநாயகர் அவரைத் திட்டவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அட்டையை எடுத்து ஒரு பெயரை அடித்தார். "சரி, நீங்க போங்க" என்றார்.

இப்போது முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு. சமம். ஹெல்ம் கதவைச் சாத்திவிட்டு, நான் இருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் பேசினார். வரிக்கு ஆம் சொல்லி ஊரில் கெட்ட பெயர் வாங்கப்போகிறவர்கள் முப்பத்துநாலு பேர். மசோதாவும் தோற்றால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். ஜனவரியில் கட்சி கூடும்போது வேறு சபாநாயகரைத் தேடுவார்கள். யாரைத் தேடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர் கழுத்தில் புதிதாகத் தொங்கிய டையே சொல்லிற்று. புதன்கிழமை முழுக்க இருவரும் ஆள் ஆளாகப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

வியாழன் காலை ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. லுண்டீனுக்கு வேறு யாருமில்லாததால் என் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார். ஆறு மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள் அந்த நர்ஸ். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே சபாநாயகர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நின்றுகொண்டிருந்தார், நின்றபடியே இருந்தார். "சரி" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை "சரி" என்றார்.

செய்தி நிற்குமா? எட்டரைக்கு ஹெல்ம் வந்துவிட்டார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்தார், அது நிற்கவில்லை. நேரே என்னைத்தான் கேட்டார். "ஆர்டிஸ், நீங்கதான் இங்க பழைய ஆள். ஜோடி போட்டவர் செத்துட்டா என்ன?"

எனக்குப் பதில் தெரியும். ஒரு உறுப்பினர் இறந்த நிமிஷமே அவர் இடம் காலி. காலி இடத்துக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாதவருக்கு ஜோடியும் இல்லை. எங்கள் விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானும் அப்படியே சொன்னேன், வேறென்ன சொல்ல? மனசுக்குள்ளும் அதுதான் சரி என்று நினைத்தேன். பாலம் வரட்டும். அடெலுக்காக வரட்டும். லுண்டீன் எங்கே இருந்தாலும் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுவார்.

"அப்ப முடிஞ்சுது. முப்பத்தஞ்சுக்கு முப்பத்துநாலு. நீங்க ஆம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மிஸ்டர் ஸ்பீக்கர்" என்றார் ஹெல்ம்.

 சபாநாயகர் ஒரு விஷயத்தை மட்டும் முடிவு செய்தார். உறுப்பினர் மரணத்தைச் சபையில் அறிவித்தால், மரியாதைக்காகச் சபையை உடனே கலைக்கவேண்டும். அன்றுதான் அந்த வருட மசோதாக்களுக்குக் கடைசி நாள். அதனால் முதலில் ஓட்டு, பிறகு அறிவிப்பு. "அறிவிக்கிற வரைக்கும் பேரு பட்டியல்ல இருக்கும்தானே?" என்று என்னிடம் கேட்டார். இருக்கும் என்றேன். "அப்ப வாசி" என்றார்.

பத்து மணிக்குச் சபை கூடியது. மேலே பார்வையாளர் மாடத்தில் எஸ்தர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெல்ஃபோர்ட்டிலிருந்து இருட்டோடு கிளம்பித் தொண்ணூறு மைல் சுற்றி வந்திருக்கிறாள். மடியில் கைப்பை, அதன் மேல் கையுறைகள். எல்லோருக்கும் லுண்டீன் போனது தெரியும், யாரும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நான் வாசிக்க ஆரம்பித்தேன். ஆப்ரம்ஸ், ஆம். பெக்கர், இல்லை. ஹெல்ம் உரக்க ஆம் என்றார். 'எல்' வரிசை வந்தது. "லுண்டீன்" என்றேன். பதில் வராத பெயரை இரண்டாம் தடவை கூப்பிடவேண்டும் என்பது விதி. இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். என் குரல் பிசிறியது, அத்தனை வருடத்தில் முதல் தடவை. அவர் மேஜையில் யாரோ தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

வெண்ட்லிங் 'இல்லை' என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். வேண்டுமென்றுதான்.

கடைசிப் பெயரும் முடிந்தபோது என் தாளில் இரண்டு பக்கமும் முப்பத்துநாலு. சபை முழுக்க எண்ணிக்கொண்டுதான் இருந்தது, ஆகவே எல்லோருக்கும் தெரியும். "மிஸ்டர் ஸ்பீக்கர்" என்றேன்.

அவர் எழுந்தார். அவர் அப்படி எழுந்து ஓட்டுப் போட்டதில்லை, உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். மேலே ஒரு தடவை எஸ்தரைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மோரோ மாவட்டத்து உறுப்பினரோட எனக்கு ஜோடி இருக்கு. அவர் இங்க இருந்தா இல்லைன்னு சொல்லுவார். எனக்கு ஓட்டுப் போடுற உரிமை இருந்தா ஆம்னு சொல்லுவேன். ஜோடி இருக்கிறதால நான் ஓட்டுப் போடல."

ஜோடி போட்டவர்கள் காலங்காலமாகச் சொல்கிற அதே வாக்கியங்கள்தான். நூறு தடவையாவது நான் அதைக் குறித்திருப்பேன். 'அவர் இங்க இருந்தா' என்பதை ஒரு வழக்கமான சொல்லாகத்தான் அதுவரை கேட்டிருந்தேன். 

முடிவை அறிவிக்கவேண்டியதும் அவர்தான். முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு, மசோதா தோற்றது என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். பிறகு லுண்டீன் காலமானதை அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். இன்னொரு தடவை தட்டினார், சபை கலைந்தது. எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வராந்தாவில் ஹெல்ம் எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார். "ஒரு பொணத்துக்கு ஒரு பாலத்தைத் தூக்கிக் குடுத்துட்டார்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறு ஜனவரியில் அவர்கள்தான் ஹெல்மை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முப்பத்தாறு பேர் இருந்த கட்சியில் கோவாரிக்குக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு. வெண்ட்லிங்குடையது அந்த ஒன்பதில் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

சபாநாயகர் தன் அறைக்குப் போகும்போது படிக்கட்டில் எஸ்தர் நின்றிருந்தாள். நான் இரண்டு படி பின்னால் தாளோடு வந்துகொண்டிருந்தேன். அவர் தொப்பி இல்லாத தலையைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவள் கையுறைகளை விரல் விரலாக மாட்டிக்கொண்டே பேசினாள், கோபமாகக்கூடப் பேசவில்லை.

"செத்தவங்களுக்கு நீ ரொம்ப மரியாதை பண்றே, மில்டன். அடெலும் செத்துதான் போயிருக்கா."

 அவள் இறங்கிப் போனாள். பதினொரு வருடமாக அவரை மில்டன் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். அதற்கப்புறம் அவள் அவருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அறைக்குள் போனதும் வாக்குத் தாளை அவர் முன் வைத்தேன். அன்றன்றைய தாளில் அன்றே அவர் கையெழுத்துப் போடவேண்டும். போட்டார். நான் போயிருக்கவேண்டும். எனக்கு அடக்கமுடியவில்லை. அத்தனை வருடத்தில் அவரிடம் நான் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். விதி உங்கள் பக்கம் இருந்தது, நானே சொன்னேன், எஸ்தர் அவ்வளவு தூரம் வந்திருந்தாள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். சபாநாயகரிடம் பேசுகிற பேச்சா அது? அவர் கோபப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவன் கையைப் புடிச்சப்பவே அவன் வியாழக்கிழமை வரைக்கும் தாங்கமாட்டான்னு எனக்குத் தெரியும், ஆர்டிஸ். அவனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டான். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"அப்ப ரெண்டு ஓட்டு கூட இருந்துதே. அதனால குடுத்தீங்க" என்றேன். விடவில்லை நான்.

"ஆமா, கூட இருக்குன்னு நினைச்சேன்" என்றார். அட்டையை வெளியே எடுத்து மேஜை மேல் போட்டார். அடித்த பெயர் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தன் விதியைத் தானே மீறியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு மேல் அந்த மனிதரை நோண்ட எனக்கு மனம் வரவில்லை.

பேனாவை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் வாக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் லுண்டீன் பெயருக்கு நேரே நான் கோடு போட்டிருந்தேன், சபாநாயகர் பெயருக்கு நேரேயும் கோடு. திடீரென்று அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முதலில் சிரிக்கவும் செய்தார்.

"முப்பது வருஷம். ஒரு ஓட்டுலகூட என்னை அவன் ஜெயிச்சதில்ல. அவன் உயிரோட வந்திருந்தாலும் இதே சமம்தான், இதே தோல்விதான். இன்னிக்கு என்னை ஜெயிச்சுட்டான், ஆர்டிஸ்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"அது அவனுக்குத் தெரியாது."